குறட்டைக்குக் கஞ்சா எண்ணெயா?

"ஐயா, நாக்குக்கு அடியில நாலு சொட்டு விட்டாப் போதுமாம். குறட்டையும் நிக்குமாம், மூச்சடைப்பும் போயிடுமாம். மூஞ்சில மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் படுக்கவே வேண்டாமாம். வாங்கலாமா?"

ஆவுடையார்கோவிலில் நான் வைத்தியம் பார்க்கும் இடத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கடை கண்ணி வைத்திருப்பவர்கள். செல்போனைத் திறந்து ஒரு சின்ன பாட்டில் படத்தைக் காட்டுவார்கள். மேலே ஒரு பச்சை இலை. கீழே 'சி.பி.டி.' என்று மூன்று எழுத்து. "மூலிகைதானேய்யா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆர்டர் போட்டுடுவோம்" என்பார்கள். பச்சிலை என்றால் சித்த வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டி விடுவார் என்று ஒரு நினைப்பு!

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு, அதாவது டாக்டர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்று சொல்கிற நோய்க்கு, சி.பி.டி. மருந்து ஆகாது. ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பாட்டிலுக்குக் கொடுத்த காசோடு நஷ்டம் நிற்காது.

மடங்கிப் போகும் குழாய்

வயலில் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோயைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தண்ணீரை உறிஞ்சும் பக்கத்துக்கு கெட்டியான குழாய்தான் போடுவார்கள். அங்கே போய் மெல்லிசான, தொளதொளத்த ரப்பர் குழாயைப் போட்டால் என்ன ஆகும்? மோட்டார் இழுக்க இழுக்க, குழாயின் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது.

நம் தொண்டையும் அப்படித்தான். மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள பாதைக்கு எலும்புச் சுவர் கிடையாது. தசைதான் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. தூங்கும்போது அந்தத் தசைகள் தளரும். ஒல்லியான, தாராளமான தொண்டை உள்ளவர்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்கள், தாடை உள்ளடங்கியவர்கள், டான்சில் பெருத்தவர்கள், நாக்கு தடித்தவர்கள் — இவர்களுக்கு மூச்சை இழுக்கும்போது பாதை ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டினால் குறட்டை. முழுக்க ஒட்டினால் நிசப்தம்!

இந்த நிசப்தம்தான் ஆபத்து. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக முட்டி மோதிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே போகாது. பத்து வினாடிக்கு மேல் இப்படி நின்றால் அதை ஒரு 'ஆப்னியா' என்று கணக்கு வைக்கிறார்கள். சிலருக்கு அரை நிமிஷம், அதற்கு மேலும் போகும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பிவிடும். 'ஹ்ர்ர்...க்' என்று ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். பிறகு மறுபடி குறட்டை, மறுபடி அடைப்பு. மூச்சு முழுவதும் நின்றதையும் பாதிக்குக் குறைந்ததையும் சேர்த்து, மணிக்கு ஐந்து தடவைக்குக் குறைந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசு. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை. ஒரு மணிக்கு முப்பது தடவை என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தொண்டையைப் பிடித்து நெரிப்பது மாதிரி!

காலையில் எழுந்ததும் தலைவலி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுந்திருத்தல், எரிச்சல், மறதி, பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம், பேப்பர் படித்தால் தூக்கம். "நல்லாத்தானே தூங்கினேன், ஏன் இப்படி அசதியா இருக்கு?" என்று கேட்பார்கள். மாத்திரை போட்டும் இறங்காத ரத்தக் கொதிப்பு, இருதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் இவற்றுக்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

கழுத்து நிறைய தங்கச் சங்கிலியோடு வருவாரே, இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹரி, நினைவிருக்கிறதா? 2022 பிப்ரவரி 15-ம் தேதி மும்பையில் தமது 69-வது வயதில் காலமானார். பல உடல் தொந்தரவுகள் இருந்தன. ஆனால் மரணத்துக்குக் காரணமாக மருத்துவர் சொன்னது இந்த ஸ்லீப் ஆப்னியாவைத்தான். அப்போதுதான் நம் ஊர்ப் பத்திரிகைகளில் இந்தப் பெயர் பரவலாக அடிபட்டது. இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு இது இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் கணக்கிட்டார்கள். ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம்.

சித்த மருத்துவத்தில் உடம்பின் இயற்கையான உந்துதல்களைப் பதினான்கு வேகங்கள் என்று வகுத்திருக்கிறார்கள். அடக்கக் கூடாதவை அவை. தும்மல், கொட்டாவி, பசி, தாகம் என்று போகும் அந்தப் பட்டியலில் நித்திரையும் உண்டு, சுவாசமும் உண்டு. இந்த நோயில் ஒரே நேரத்தில் இரண்டு வேகங்கள் அடைபடுகின்றன. அதிலும் முதலில் அடைபடுவது சுவாசம். அது கெடுவதால்தான் நித்திரை கெடுகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.டி. விஷயத்தில் தீர்ப்புச் சொல்வதே இந்த வரிசைதான்.

சி.பி.டி. என்பது என்ன?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட விசேஷ ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு பேர்தான் பிரபலஸ்தர்கள். ஒன்று டி.எச்.சி.; போதை தருவது இதுதான். இன்னொன்று கன்னாபிடியால், சுருக்கமாக சி.பி.டி.; இதில் அந்தப் போதை கிடையாது. சி.பி.டி.யை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் குழுவினர் 1940-ல் பிரித்தெடுத்தார்கள். அதன் சரியான அமைப்பை 1963-ல் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம் குழு கண்டுபிடித்துச் சொன்னது. மறு வருஷமே அவர்கள் டி.எச்.சி.யையும் தனியாகப் பிரித்தார்கள்.

சி.பி.டி. வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதற்கு நிரூபணமான உபயோகம் உண்டு. குழந்தைகளுக்கு வரும் சில கொடுமையான வலிப்பு நோய்களில் அது வேலை செய்கிறது. 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 'எபிடியோலெக்ஸ்' என்ற சி.பி.டி. மருந்தை இரண்டு வகை வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது. அதில் ஒன்றின் பெயர் லென்னாக்ஸ்-கஸ்தோ.

இதில் ஒரு சுவாரஸ்யம். அந்தப் பெயரில் உள்ள கஸ்தோ, மார்செய் நகரத்து பிரெஞ்சு டாக்டர் ஆன்ரி கஸ்தோ. தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நிற்பதை 1965-ல் கருவி வைத்துப் பதிவு செய்து முதன்முதலில் விளக்கியவர்களில் அவரும் ஒருவர்! ஒரே டாக்டர், இரண்டு நோய்கள். அவர் பெயர் தாங்கிய வலிப்புக்கு சி.பி.டி. அனுமதி பெற்றிருக்கிறது. அவர் பதிவு செய்த மூச்சடைப்புக்கு அந்த அனுமதி இல்லை. ஒரு நோய்க்குக் கேட்கிற மருந்து எல்லா நோய்க்கும் கேட்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்னே இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது?

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். கொஞ்சம் நெருப்பு இருந்தது; ஆனால் அது சி.பி.டி. அடுப்பில் இல்லை.

'ட்ரோனாபினால்' என்று ஒரு மருந்து. செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி. இது. புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாந்திக்கு முன்பிருந்தே அனுமதி உள்ளது. இது எலிகளுக்குத் தூக்கத்தில் வரும் மூச்சுத் தடையைக் குறைக்கிறது என்று முதலில் பார்த்தார்கள். பிறகு மனிதர்களிடம் சோதித்தார்கள். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 73 நோயாளிகள், ஆறு வாரம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், 2.5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மணிக்குச் சுமார் பதினோரு அடைப்பும், 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குச் சுமார் பதின்மூன்று அடைப்பும் குறைந்தன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது டி.எச்.சி.; சி.பி.டி. இல்லை. இரண்டு, 73 பேர், ஆறு வாரம் என்பது வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய ஒரு நோய்க்குப் போதுமான சாட்சி ஆகாது. மூன்று, நடுத்தர, கடுமையான நோய் உள்ளவர்களுக்குப் பத்துப் பதின்மூன்று குறைந்தாலும் மீதி நிறைய நின்றுவிடும். நாற்பது, முப்பது ஆனால் அது குணம் ஆகுமா?

இதற்கிடையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில சுகாதாரத் துறை, மருத்துவக் கஞ்சா வாங்கத் தகுதியுள்ள நோய்ப் பட்டியலில் ஸ்லீப் ஆப்னியாவையும் சேர்ப்பதாக 2017 நவம்பரில் அறிவித்துவிட்டது. தூக்க நோய் நிபுணர்களின் சங்கமான 'அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின்' 2018 ஏப்ரலில் பதில் சொன்னது. மருத்துவக் கஞ்சாவையோ அதன் செயற்கைச் சாறுகளையோ இந்த நோய்க்குப் பயன்படுத்தக் கூடாது. பலனும் பாதுகாப்பும் நிரூபணமாகவில்லை. அந்தப் பட்டியலிலிருந்து இதை நீக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

நம் வீட்டுக்கு வரும் விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வருகிறது. "அமெரிக்காவில் ஒரு மாநிலமே அனுமதி கொடுத்திருக்கிறது!" இரண்டாவது பாதியைத் தபால்காரர் கொண்டு வருவதில்லை.

"தூக்கம் வந்தாப் போதாதா?"

இது நியாயமான கேள்வி. "ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கிறார். அந்த எண்ணெய் குடிச்சா அசந்து தூங்குவாராமே?" என்று வீட்டம்மாக்கள் கேட்கிறார்கள்.

தூக்கத்துக்கே சி.பி.டி. எந்த அளவுக்கு உதவுகிறது என்பது இன்னும் உறுதிப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் தூக்கமின்மை உள்ளவர்களுக்கு 200 மில்லிகிராம் சி.பி.டி.யும் 10 மில்லிகிராம் டி.எச்.சி.யும் சேர்த்து ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் வெளியான முடிவு: தூக்கம் சுமார் 25 நிமிஷம் குறைந்திருந்தது! சரி, ஒருவருக்கு மயக்கம் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் எனக்குப் பயம் அதிகம்.

தொண்டை அடைத்தவரைக் காப்பாற்றுவது எது? மூளை பதறி எழுப்புவதுதானே? வீட்டில் திருடன் நுழையும்போது குரைக்கிற நாய் மாதிரி அது. நாய் குரைத்தால் நம் தூக்கம் கெடுகிறது என்று நாய்க்கு மயக்க மருந்து வைப்போமா? திருடனைத்தான் பிடிக்க வேண்டும். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் இந்த நோய்க்காரருக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்வதன் காரணம் இதுதான்: அவை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், எழுப்பும் மணியையும் மந்தமாக்கும். சி.பி.டி. தொண்டைப் பாதையைத் திறந்து பிடிக்கும் என்பதற்கு மனிதர்களிடம் சாட்சி இல்லை. மயக்கம் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பது மட்டும் எபிடியோலெக்ஸ் மருந்துச் சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

என்னிடம் வருகிறவர்களில் ஒருவர் நெல் மூட்டை லாரி ஓட்டுபவர். ஐம்பதைத் தொடும் வயது, கனத்த கழுத்து. கேட்டது தூக்கத்துக்கு ஒரு லேகியம். மனைவி பக்கத்தில் இருந்தார். "குறட்டை நடுவுல அப்படியே நின்னு போகுமா?" என்று அவரைக் கேட்டேன். "ஆமாங்கய்யா, எனக்கு அடிவயிறு கலங்கும். தோளைத் தட்டி எழுப்புவேன்" என்றார். பகலில் எப்படி என்று இவரைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரெண்டு தடவை ஸ்டியரிங்ல கண் அசந்துட்டேன்." லேகியம் தரவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினேன், முடிவு வரும்வரை லாரியைத் தொடக் கூடாது என்றும் சொன்னேன். நோய் கடுமையான வகை என்று தெரிந்தது. இன்றைக்குக் கருவி வைத்துத் தூங்குகிறார். அன்று அவர் கையில் ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருந்து, 'அசந்து தூங்குகிறேன்' என்று அவரே நம்பியிருந்தால்? அந்த லாரிக்கு எதிரே வருகிறவர்களையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பாட்டிலுக்குள் என்ன?

2017-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. தபால் மூலம் விற்கப்படும் 84 சி.பி.டி. பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு ஓரளவு சரியாக இருந்தது 26-ல்தான், நூற்றுக்கு 31. மற்றவற்றில் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தது. 18 பொருட்களில் போதை தரும் டி.எச்.சி.யும் கலந்திருந்தது.

இன்னொன்று. சி.பி.டி. கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் வழியில் குறுக்கே நிற்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடலாம். சில வலிப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும். கல்லீரல் என்ஸைம்கள் ஏறுவதும் உண்டு. மூச்சடைப்பு நோய் யாருக்கு அதிகம்? ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, இருதயம் என்று ஒரு டப்பா மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத்தான். அந்த டப்பாவுக்குள் டாக்டருக்குத் தெரியாமல் இன்னொன்றைப் போடாதீர்கள்.

"நம்ம சித்தர்கள் சொன்னதுதானே?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காமல் விடுவார்களா! கஞ்சாவுக்கு நம் வைத்தியத்தில் கோரக்கர் மூலி, சித்தமூலி என்றெல்லாம் பெயர் உண்டு. குணபாடத்தில் நாங்கள் படித்ததுதான். ஆனால் படித்த பாடத்தின் முதல் வரியே 'சுத்தி' என்பது. சுத்தி செய்யாமல் தொடக் கூடாத சரக்குகளில் அதுவும் ஒன்று. எட்டி, ஊமத்தை, அபின் இருக்கும் வரிசை அது. மத்திய அரசின் மருந்து விதிகளிலும், சித்த மருத்துவ நச்சுச் சரக்குகளின் பட்டியலில் கஞ்சா இருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்தின் மேல் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை கட்டாயம்.

அந்தக் காலத்து லேகியத்தில் இலை பல சரக்குகளில் ஒரு சரக்கு. நோய், உடல்வாகு, பத்தியம் எல்லாம் பார்த்து, அளவோடு, குறிப்பிட்ட நாளுக்குக் கொடுப்பது. அதிலிருந்து ஒரே ஒரு ரசாயனத்தைப் பிழிந்தெடுத்து, பாட்டிலில் அடைத்து, எல்லார்க்கும் எல்லா நோய்க்கும் என்று விற்றால் அதற்குச் சித்தர் பெயர் வைக்கலாமா? சித்தர் கையெழுத்து அதில் இல்லை!

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சாச் செடியின் பூவும் பிசினும் குற்றம். தனி இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது; இலை விஷயத்தை மாநிலங்கள் தனித்தனியே கட்டுப்படுத்துகின்றன. வடக்கே சில மாநிலங்களில் 'பாங்'குக்கு உரிமம் பெற்ற கடையே உண்டு; தமிழ்நாட்டில் கிடையாது. ஆயுர்வேத உரிமத்தோடு வரும் சில மருந்துகளின் லேபிளில் 'விஜயா' என்று இருக்கும். ஏதோ பெண் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அது கஞ்சா இலைதான். சணல் விதை எண்ணெய் என்று சமையலுக்கு விற்பது வேறு, அதையும் சி.பி.டி. என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை வரை போகிற சட்டம். வளைகுடா நாடுகளிலும் கெடுபிடி அப்படித்தான். "அப்பாவோட குறட்டை மருந்து" என்று பெட்டிக்குள் ஒரு பாட்டில் வைத்து அனுப்பினால், சுங்க அதிகாரி குறட்டையைப் பற்றிக் கேட்க மாட்டார்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கனடாவின் டொரான்டோவில் உருவான எட்டுக் கேள்விச் சோதனை ஒன்று 2008 முதல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்:

1. கதவைச் சாத்தினாலும் கேட்கிற மாதிரி குறட்டையா?
2. பகலில் அசதி, தூக்கக் கலக்கம் உண்டா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்தக் கொதிப்பு உண்டா?
5. உடல் பருமன் மிக அதிகமா?
6. வயது ஐம்பதுக்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? (சட்டைக் காலர் சுமார் 16 அங்குலம்)
8. ஆணா?

மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்றாலே பரிசோதனை தேவை. ஆனால் ஆண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் அதிகமாகிறது. குழந்தை குறட்டை விட்டால் ரசிக்காதீர்கள். டான்சிலும் அடினாய்டும் பெருத்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நுரையீரல் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ கேட்டால் தூக்கப் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். ஒரு ராத்திரி உடம்பில் சில ஒயர்களை ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும். அவ்வளவுதான், ஊசி கிடையாது, வலி கிடையாது. பலருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் சின்னக் கருவியும் போதும்.

நோய் நடுத்தரம், கடுமை என்றால் முதல் சிகிச்சை 'சி-பேப்' கருவி. ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் கண்டுபிடித்தது. அதற்கு முன் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட வைத்தார்கள்! இந்தக் கருவி மருந்து எதையும் செலுத்துவதில்லை. சாதாரணக் காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பி, தொளதொளத்த குழாயை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. மாட்டிய முதல் ராத்திரியே அடைப்பு நிற்கும்.

"மூஞ்சில மாட்டினா மூச்சு முட்டுது" என்று ஒரு வாரத்தில் பரணில் போட்டுவிடுகிறார்கள். மாஸ்க் அளவு சரியில்லாமல் இருக்கலாம், மாற்றச் சொல்லுங்கள். தொண்டை காய்ந்தால் ஈரக்காற்று தரும் வசதி உண்டு. முதலில் பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி மாட்டிப் பழகுங்கள். லேசான நோய்க்கும், கருவி ஒத்துவராதவர்களுக்கும் தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் பல் கிளிப் உண்டு. சிலருக்கு அறுவை சிகிச்சை.

எடை குறைவது பெரிய மருந்து. பத்து சதவீதம் எடை குறைந்தால் அடைப்பு சுமார் கால் பங்கு குறையும் என்று 2000-ம் வருஷத்து அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 90 கிலோ ஆள் 81 கிலோவுக்கு இறங்க வேண்டும். ஆங்கில மருத்துவத்தில் மருந்து என்று பார்த்தால், பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான நோய்க்கு டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதையும் டாக்டர் பார்த்துத்தான் போட வேண்டும்.

நம் வைத்தியத்தின் பங்கு

எங்கள் பங்கு இங்கே சின்னதில்லை. தேரையர் தம் நோயணுகா விதியில் இடப்பக்கமாகப் படுக்கச் சொல்கிறார். பகல் தூக்கம் வேண்டாம் என்கிறார். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். ஒருக்களித்தால் பாதை கொஞ்சம் திறக்கும். இதை இன்றைய தூக்க மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. பனியன் முதுகில் ஒரு பை தைத்து அதில் ரப்பர் பந்தைப் போட்டால் மல்லாந்தவுடன் உறுத்தும். தானே திரும்பிப் படுப்பீர்கள்.

மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்கிறேன். ஆத்மநாதருக்குச் சோற்றின் ஆவியையே நைவேத்தியம் ஆக்குகிற ஊர் எங்கள் ஊர். ஆவியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆனால் ஆவி மூக்கைத் திறக்கும். தொண்டை ஒட்டுவதைத் தடுக்காது. ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே முடியுங்கள். மது வேண்டவே வேண்டாம். புகையும் வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தி. ஜெய்ப்பூரில் 30 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. ஒரு பகுதியினர் ஆறு மாதம் தினமும் கால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாளாவது, சங்கு ஊதினார்கள். மற்றவர்கள் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்தார்கள். சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கக் கலக்கம் 34 சதவீதம் குறைந்தது. அடைப்பு மணிக்கு நாலைந்து குறைந்தது. ஊத ஊதத் தொண்டைத் தசை உறுதிப்படுகிறது போலும். சின்ன ஆய்வுதான், கருவிக்குப் பதிலாகச் சங்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருதய நோய், குடலிறக்கம், கண் அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் ஊத வேண்டாம். மற்றவர்கள் கருவியோடு கூடவே பழகலாம். நாலு சொட்டு எண்ணெயைவிட நாலு மூச்சு சங்கு மேல்.

ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர்கள் எங்களைப் போன்ற வைத்தியர்களிடமோ, விளம்பரத்தையோ நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். எடை குறைந்து, மறுபடி பரிசோதனை செய்து, டாக்டரே "இனி வேண்டாம்" என்று சொன்னால் அன்றைக்குக் கழற்றலாம். ஏற்கெனவே சி.பி.டி. எண்ணெய் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பரிசோதனைக்குப் போகும்போது, கூடப் படுத்து மூச்சை எண்ணியவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தூங்குகிறவருக்குத் தன் நோய் தெரியாது. பல வீடுகளில் அதை முதலில் கண்டுபிடித்த வைத்தியர் அந்த வீட்டு அம்மாதான்.